பக்கத்து வீட்டு நாயின் நோன்பு

மார்ச் 11, செவ்வாய்

எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. கொல்லையில் கூண்டின் ஒரு கதவு பிய்ந்து கிடந்தது. பழுப்பு முயல் பாதிதான் இருந்தது. அடுத்த தடுப்பில் வெள்ளை, உயிரோடு, அசையாமல்.

பக்கத்து வீட்டு அல்சேஷன். பெயர் ஹீரோ. மதில்மேல் ரத்தக் கால்தடம் அந்தப் பக்கமாக இறங்குகிறது.

போய்ச் சொன்னேன். நாயை வளர்க்கும் பெஞ்சமின் சார், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், பேப்பரை மடிக்காமலே பேசினார்.

"நாய்னா அப்படித்தாம்மா. கூண்டை உள்ள எடுத்து வெச்சுக்கங்க."

பிராணிகள் வீட்டுக்குள் கூடாது என்று சொல்லித்தான் மாடியிலிருக்கும் வீட்டுக்காரர் எனக்கு வாடகைக்கு விட்டார். சாருக்கும் அது தெரியும்.

"நீங்க கட்டிப் போடலாமே சார்."

"கட்டிப் போட்டா குணம் கெட்டுடும்."

குணம்!

பப்பாளி மரத்தடியில் புதைத்தேன். கல்லூரிக்கு இருபது நிமிடம் தாமதம். போன வாரம் நடத்திய பாடத்தையே மறுபடி நடத்தினேன். யாரும் கவனிக்கவில்லை.

மார்ச் 12, புதன்

வாங்க: கம்பி வலை, தாழ்ப்பாள், பூட்டு, காபிப் பொடி.

ஸ்ரீரங்கத்திலிருந்து அம்மா போன். "ஆத்துக்கே வந்துடேன். தினம் பஸ்ல காலேஜ் போயிட்டு வரலாம். அந்த முயலை மட்டும் தூக்கிண்டு வராதே." துக்கம் விசாரிக்கிற விதம்.

இதற்குமுன் யாரையும் இப்படி வெறுத்ததில்லை. அந்த வெறுப்பைப் புதிதாக வாங்கிய பொருளைப் போல அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். சாருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நாயைக் கூப்பிடும் விசில்.

மார்ச் 14, வெள்ளி

கல்லூரியிலிருந்து வந்தபோது நாய் புது வலையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. துடைப்பக்கட்டையால் அடித்தேன். மதில் தாண்டி ஓடிவிட்டது. இன்னும் ஓங்கி அடித்திருக்கலாம்.

வெள்ளைக்குக் காது கிழிந்துவிட்டது. மூன்று தையல். கால்நடை டாக்டர் சொன்னது: "காயம் பெரிசில்லம்மா. முயல் பயத்துலயே செத்துடும். இன்னொரு தடவை தாங்காது."

மார்ச் 15, சனி

சாரின் மனைவி ஸ்டெல்லா அக்கா கொடியில் துணி போட்டுக்கொண்டே, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தாழ்ந்த குரலில்:

"அது முன்னெல்லாம் இப்படி இல்லம்மா. சாம்பல் புதன்லேருந்து வீட்ல கறி கிடையாதா, அவரு இதுக்கும் எலும்பை நிறுத்திட்டாரு. ஒரே வீடு, ஒரே சட்டமாம். தயிர்சோத்தை வெச்சா என்னைத்தான் மொறைக்குது."

"எதுவரைக்கும் அக்கா?"

"ஈஸ்டர் வரைக்கும். இன்னும் அஞ்சு வாரம்."

நாய் தவக்காலம் அனுசரிக்கிறது. என் முயல் அதற்குப் பலி.

நேராகப் போய்க் கேட்டேன். சாருக்கு வெட்கமே இல்லை.

"நாப்பது நாள் அதுவும் கட்டுப்பாடு கத்துக்கட்டுமே."

"அது முயல் பிடிக்கத்தான் சார் கத்துக்கிட்டிருக்கு."

"ஏம்மா, உங்க வீட்ல ஏகாதசி இருக்கறதில்லையா?"

"இருக்கோம். பசுமாட்டைப் பட்டினி போடறதில்ல."

உள்ளே அக்கா சிரித்தது கேட்டது. சார் கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

வாழ்க்கையில் முதல்முறையாகக் கோழிக்கடை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்க அரியமங்கலம் வரை ஸ்கூட்டியில் போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கொழம்புக்கா, வறுவலுக்காக்கா?"

"நாய்க்கு."

"அப்ப காலும் கழுத்தும் வாங்கிக்கங்க. நாய் உங்களை சாமியா கும்புடும்."

பையை ஹேண்டிலில் மாட்டி, முழங்கால் படாமல் விலக்கிக்கொண்டே வந்தேன். நாய் மதில்மேல் நின்றிருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டேன். எலும்பு நொறுங்கும் சத்தம். இரக்கமெல்லாம் இல்லை. இது லஞ்சம். அவருடைய சட்டத்தை அவருடைய நாயை வைத்தே உடைப்பதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் பொய்.

மூன்று முறை சோப்பு. கை இன்னும் நாறுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி அரியமங்கலம். நாய் கூண்டுப் பக்கம் வரவேயில்லை. வெள்ளை அரைக் கட்டு கொத்தமல்லி தின்றது. விடைத்தாள் நாற்பது திருத்தினேன். நன்றாகத் தூங்க வேண்டும்.

மார்ச் 19, புதன்

ஐந்து மணி. வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே மதில் தாண்டும் சத்தம். நான் கொல்லைக்குப் போவதற்குள் நாய் உள்ளே. கூண்டை ஒட்டி உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, என் கையிலிருந்த கறிப்பையையே பார்த்துக் காத்திருந்தது. வலையில் ஒரு கீறல்கூட இல்லை.

வெள்ளை சாய்ந்து கிடந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது. கண் திறந்தபடி.

மதில்மேல் சாரின் தலை. அவருக்கு முயல் தெரியவில்லை, நாய் மட்டும் தெரிந்தது.

"பாத்தீங்களாம்மா, பக்கத்துல உக்காந்தும் தொடல. நான் சொன்னேன்ல, கட்டுப்பாடு வந்துடுச்சு."

பையை மதில்மேல் வைத்தேன். பிரித்துப் பார்த்தார். கால்கள், கழுத்துகள்.

"என்னம்மா இது?"

"மூணு நாளா உங்க ஹீரோ இருக்கற நோன்பு சார்."

முகம் வெளுத்தது. சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டார். அப்புறம் விசிலடித்தார்.

"ஹீரோ. வாடா இங்க."

வரவில்லை. என் செருப்பின்மேல் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டது.