என்னைக் கேட்காமல் மாட்டிய டர்போ

இன்னும் என் கோபம் தீராத அன்பு மாமாவுக்கு,

இறந்துபோனவரிடம் கோபப்படக் கூடாதாம். வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இருந்தபோது சண்டையை முடிக்க நீங்கள்தான் விடவில்லையே, நான் வேறு யாரிடம் போய்க் கத்துவது?

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் எனக்கு லேப் வேலை கிடைத்தபோது, "பஸ்லயே போய்க்கினு வரட்டும்" என்றார் உங்கள் மகன். நீங்கள்தான் அதட்டினீர்கள். "புள்ளையத் தூக்கிக்கினு அது பஸ்ல தொங்கணுமா?" மறு வாரமே அந்தப் பழைய டீசல் கார் வாசலில் நின்றது. அப்படி ஒரு மாமனார் யாருக்கு வாய்ப்பார்?

ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டி ஒரு லாரியை முந்தப் போய், வண்டி இழுக்காமல் பாதியில் மாட்டிக்கொண்டேன். பின்னால் பஸ்காரன் ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டில் பயம் போகாமலே அதைச் சொன்னேன். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு, பூசைக்குக் காரை எடுத்துப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினீர்கள். "டர்போ போட்டுட்டேம்மா, எஞ்சினுக்கு இழுவை கூடும். இனிமே எந்த லாரியும் உன்ன மறிக்காது."

தினமும் ஓட்டுகிறவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பொய் சொல்ல மாட்டேன், முதலில் பறந்தது. பிறகு ஆயில் குடிக்க ஆரம்பித்தது. புகை நீலமாக வந்தது. வெயிலில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. "மாமா, பயமா இருக்குங்க" என்று எத்தனை தடவை சொன்னேன்! "புதுசா போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்று ஆயிலை ஊற்றி அனுப்பினீர்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் நீங்கள். ஒரு போல்ட் ஆடினாலும் வண்டியை விடமாட்டேன் என்று பெருமையாகச் சொல்வீர்களே. மருமகளும் பேரனும் போகிற வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லையா?

அந்த ஏப்ரல் காலையில் ஜெரோம் பின் சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்தான். திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்தது, கார் முழுக்கப் புகை. அவனை இழுத்துக்கொண்டு சாலையோரம் ஓடினேன். லாரிகள் போகிற காற்றில் இருவரும் ஆடிப்போனோம். உங்களுக்குத்தான் போன் செய்தேன். பஸ் பிடித்து ஓடி வந்தீர்கள்.

வந்தவர் முதலில் என்ன செய்தீர்கள்? பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தீர்கள். அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் திரும்பி, "புள்ளைக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றீர்கள்.

அதை எப்படி மன்னிப்பேன் மாமா?

டர்போ மாட்டிய மெக்கானிக் சாதாரணமாகச் சொன்னான், "டர்போவுக்கு ஆயில் போற பைப்பு சூட்டுல வெடிச்சிடுச்சிங்க. சாதா ரப்பர் பைப்புதான் போட்டிருந்தேன்." ரேடியேட்டரையும் மாற்றவில்லை. அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும்படி செய்யப்பட்ட எஞ்சினே இல்லை அது. தெரிந்தும் மாட்டியிருக்கிறான்.

அன்றிலிருந்து உங்களோடு பேசவில்லை. நீங்களும் சளைக்கவில்லை. "காபி ஆறிப்போவுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லுங்க" என்பேன். "குடிச்சிக்கிறேன்னு அவகிட்ட சொல்லுடா" என்பீர்கள். நடுவில் நின்று உங்கள் மகன் திண்டாடினார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். என்ன நியாயம் இது?

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உங்கள் மகள் எல்லோர் முன்னாலும் சொன்னாள், "நீ பேசாம இருந்தே பாரு, அதுலதான் அப்பா போய்ட்டாரு."

"உங்கப்பா நெஞ்சு வலிய யாருகிட்டயும் சொல்லல. என்கிட்ட மட்டுமில்ல, உன்கிட்டயும்தான் சொல்லல" என்றேன். நான் குற்றவாளி இல்லை மாமா. உங்களுக்கே தெரியும்.

போன வாரம் எஞ்சின் வேலை முடிந்து காரை எடுக்கப் போனேன். டர்போவைக் கழற்றியாகிவிட்டது. அதையே துடைத்து, வல்லத்திலிருந்து வந்த ஒருவருக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான் மெக்கானிக். நிலத்தில் விளைந்த மல்லாட்டை மூட்டையும் ஏற்றுவாராம், குடும்பத்தையும் ஏற்றுவாராம்.

"அண்ணே, இது என் வண்டில இருந்ததுங்க" என்றேன் வாங்க வந்தவரிடம்.

"இன்னாக்கா, நல்லா இழுக்குமா?"

"இழுக்கும். நல்ல ஆயில் பைப்பு, பெரிய ரேடியேட்டர், சூடு பார்க்க மீட்டர், எல்லாம் போட்டு, எஞ்சின் தாங்குமான்னும் பார்த்தப்புறம் மாட்டுங்க. இல்லன்னா நடுரோட்டுல புள்ளைங்களோட நிப்பீங்க. வண்டிய தினம் யாரு ஓட்டுறாங்க?"

"என் சம்சாரந்தான்."

"அப்ப அவங்களக் கேட்டீங்களா?"

அவர் கையிலிருந்த டர்போவை மேஜையில் வைத்துவிட்டார். "யாவாரத்தையே கெடுத்திட்டீங்களே" என்று மெக்கானிக் கத்தினான். உங்களிடம் கத்த முடியாததையெல்லாம் சேர்த்து அவனிடம் கத்திவிட்டு வந்தேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அதற்கும் நீங்கள்தான் காரணம்.

எனக்காகத்தான் செய்தீர்கள் என்பது தெரியும். தெரிவதால்தான் இன்னும் எரிகிறது. பயந்துபோய் வந்தவளிடம், "உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று கேட்டிருக்கக் கூடாதா?

கல்லறைத் திருநாளுக்கு வருவேன் மாமா. மெழுகுவர்த்தி ஏற்றுவேன், மீதிச் சண்டையையும் போடுவேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். உங்களைத் திட்டுகிற உரிமையை இந்த வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

உங்களோடு இன்னும் பேச்சை விடாத
மருமகள்,
செலின்