ஷ்யாமளாவின் மேற்படிப்பு விஷயமாக

மாட்டுங்கா,
20 ஜனவரி 1946

சிரஞ்சீவி ஷ்யாமளாவுக்கு அப்பா ஆசீர்வாதம்.

இரண்டு இடத்திலும் க்ஷேமம் என்று தொடங்குவது என் வழக்கம். இன்று அந்த வரி எழுத வரவில்லை. எதுவும் விட்டுப்போகாமலிருக்க, எழுத வேண்டியதை முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. அம்மாவின் உடம்பு.
2. அண்ணாவின் அபிப்பிராயம்.
3. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாமா என்று நீ கேட்டதற்கு என் பதிலும், அதற்கு இரண்டு காரணங்களும்.
4. கம்பளி.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் வரவில்லை. கஞ்சி இறங்குகிறது. முதுகில் ரூபாய் அகலத்துக்குப் படுக்கைப் புண் கண்டிருக்கிறது. நானும் பக்கத்து வீட்டு அம்மிணியும் புரட்டிப் படுக்க வைக்கிறோம். தொட்டாலே உடம்பை விறைத்துக்கொள்கிறாள். வலியா கோபமா தெரியவில்லை. "மாமிக்கு என் கை பட்டாலே ஆகலை" என்று அம்மிணி குறைப்படுகிறாள். எனக்கும் அலுத்துப்போகிறது. அதை அம்மாவிடம் காட்டாமலிருக்கப் பார்க்கிறேன். காட்டிவிடுகிறேன் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அண்ணா காலையில் மனைவியோடு டோம்பிவிலியிலிருந்து வந்துவிட்டுப் போனான். "ஆஸ்பத்திரியில சிஸ்டரும் ஆயாச்சு. நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லித்தர டில்லியில படிச்சும் ஆயாச்சு. இனிமே சீமைக்குப் போய் என்னத்தைப் படிக்கப் போறா? தெர்மாமீட்டர் வைக்கவா?" என்றான். அவன் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவன் வாயைத் திறந்தால் நான் மூடிக்கொள்வது உனக்குத் தெரிந்ததே.

மூன்றாவது. 'அப்பா போ என்றால் போகிறேன், வா என்றால் வருகிறேன். மாத முடிவுக்குள் சர்க்காருக்குப் பதில் சொல்ல வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னிடம் விடாமலிருந்திருக்கலாம். யோசித்து யோசித்து, வா என்றுதான் முடிவு செய்தேன்.

முதல் காரணம், ரயில்வே ஆபீசில் காலமெல்லாம் நான் பார்த்தது. நன்றாக வேலை செய்கிறவனை உயர்த்திக்கொண்டே போவார்கள். கடைசியில் அவன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போடுவான். அவன் விட்டு வந்த வேலையை அவனைப் போலச் செய்ய ஆள் இருக்காது. திரும்பி வந்ததும் உன்னை ஒரு நர்ஸ் பள்ளிக்கே தலைவியாக்குவார்கள் என்கிறாய். பெருமைதான். ஆனால் நோயாளியின் கட்டிலருகே இருந்த கை ஒன்று குறைந்துவிடுமே.

இரண்டாவது காரணம். ஒரு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். அம்மா அதுவரை தாங்குவாளா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். 'பெண்ணைச் சீக்கிரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இதுவரை எழுதிவிட்டு, பேனாவுக்கு மை ஊற்ற எழுந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. தாராவியிலிருந்து முருகம்மாள் என்று ஒரு பெண். உன்னிடம் பயின்றவளாம், இப்போது உன் பழைய வார்டிலேயே நர்ஸாக இருக்கிறாளாம். லீவு நாளில் சிஸ்டரின் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். எந்தக் குடும்பம் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா மடி, ஆசாரம் பார்ப்பவள் அல்லவா. அதற்குள் அவள் செருப்பை விட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"ஐயா, வெளிச்சத்த மறைக்கியளே. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். பிறகு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். அம்மாவின் காதருகே குனிந்து, "ஆச்சி, இடது பக்கமாத் திருப்பப் போறேன். சரின்னா கண்ண மூடித் தொறங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எனக்கே பொறுமை போய்விட்டது. அவளுக்குப் போகவில்லை. அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவள் திருப்பியபோது உடம்பு விறைக்கவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "எல்லாம் சிஸ்டரம்மாதான். எங்கள ஒவ்வொருத்தியாக் கட்டில்ல படுக்க வச்சு, வாயத் தொறக்கப்படாதுன்னுட்டு, மத்தவள விட்டுப் புரட்டச் சொல்லுவாவ. சில்லுன்னு கை பட்டதும் நான் அழுதுட்டேன் ஐயா. இப்போ புதுசா வாரவளுவள நான் படுக்க வைக்கேன். அவளுவ அழுவாளுவ" என்று சிரித்தாள்.

புறப்படும்போது அம்மா அவள் முந்தானையை இடக்கையால் பிடித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் வருவதாக அவள் சொன்ன பிறகுதான் விட்டாள்.

நான்காவது, டில்லிக் குளிருக்கென்று உனக்கு வாங்கி வைத்த கம்பளி. எதிர்வீட்டுப் பஞ்சாபகேசன் புதன்கிழமை டில்லி வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். இங்கிலாந்துக் குளிருக்கு அது போதுமா என்று பார்த்து எழுது.

கப்பல் பம்பாயிலிருந்துதானே புறப்படும். நேரே துறைமுகத்துக்குப் போய்விடாதே. சில நாள் முன்னதாகவே வீட்டுக்கு வா. போய்வரட்டுமா என்று அம்மாவையே கேள். அவள் கண்ணை மூடித் திறக்கும் வரை பக்கத்திலேயே இரு.

நீ தொட்டவர்கள் எல்லோரும் சுகப்பட, நீயும் சுகமாயிருக்க ஆசீர்வதிக்கும்,
அப்பா,
வேங்கடசுப்ரமணியன்

பி.கு.: காகிதம் கிடைப்பது கஷ்டமாயிருப்பதால் கடிதத்தை மாற்றி எழுதவில்லை. மூன்றாவதில் முதல் காரணம் தப்பு. இரண்டாவதையும் தப்பென்று எழுத எனக்குக் கை வரவில்லை; அதை நீயே அடித்துவிட்டுப் படி.