இடதுபக்கம் கடல்

மார்கழி 18, வெள்ளி

மகள் கேரளாவில், வர்க்கலாவில் அறை போட்டுவிட்டாள். அடுத்த வாரம் மூவரும் போகிறோம்.

சாயங்காலம் போனில் வீடியோ காட்டினாள். கடலோரம் செங்குத்தாகச் சிவப்புப் பாறை. அதன் உச்சியில், அறைக்குப் போகிற ஒடுக்கமான பாதை. வலதுபக்கம் கடைகள். இடதுபக்கம் ஒரு கம்பிகூட இல்லை. நேரே கீழே கடல்தான்.

இவர் பார்த்துவிட்டு, "நம்ம கிரிவலப் பாதை மாதிரியே இருக்குது. கண்ண மூடிக்கினே நடந்துடுவேன்" என்றார். மகள் சிரித்தாள். நான் அந்தக் கம்பியில்லாத ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டினால் இவருக்குக் கண் தெரிவதில்லை. அதை அவளிடம் சொல்லக் கூடாதாம்.

பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர். மலையோரம் சித்தர்கள் நடக்கும் இடம் என்று வலதுபக்கத்தை விட்டு, இடது ஓரமாகவே நடந்து பழகிய கால். எந்தத் தெருவிலும் அப்படித்தான். நேற்று பொழுது சாய்ந்து வேங்கிக்கால் தெருவில் பால் வாங்கப் போனோம். பேசிக்கொண்டே இடதுபக்கம் ஒதுங்கி ஒதுங்கி, சாக்கடையில் காலை விட்டார்.

"பாத்து வரக் கூடாதாங்க?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல. உனக்குத்தான் பயம் ஜாஸ்தி."

போதாததற்கு மகளின் திட்டம்: "சூரியன் மறையுறதப் பாத்துட்டு, மெதுவா ரூமுக்கு நடந்துடலாம்பா." அதாவது, இருட்டில்.

வேண்டாம் என்றால் காரணம் கேட்பாள். இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வேன்?

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம்கூடப் போகாதவள் நான். அங்கே இவருக்கு இடதுபக்கம் நான்தான் நடக்க வேண்டும்.