கேட்பார்கள் என்று உட்கார்ந்திருந்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை மேட்டு டவரைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். என் ரீசார்ஜ் கடை வாசலில் நின்று பார்த்தேன். போல்ட்டுகளில் ஊறிக்கிடந்த பழைய கிரீஸின் நாற்றம் கடைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ஊதுபத்தி ஏற்றியும் போகவில்லை. வியாபாரம் செய்ய மனசில்லாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த டவர் பட்டன் போனுக்கு மட்டும்தான் உதவும். நம் ஆலத்தூர் நாட்டு மலை ஊர்களில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது அதைத்தானே? பழைய சேவையை நிறுத்தப் போகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் நாமக்கல்லில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வரலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். ஊர் கூடி உன்னைப் பேச அனுப்பியது. வேறு யாரை அனுப்பும்? பேளுக்குறிச்சிச் சந்தையில் நீ மிளகுக்கு விலை பேசினால் வியாபாரியே உன் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவான். வீட்டுக்காரியின் அண்ணன் ஆயிற்றே என்று நான் துணைக்கு வந்தேன்.

பஸ் கீழே இறங்க இறங்க நீ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாய். “ஏனுங்க, எங்க ஊட்டுப் பொம்பளைக்குப் பிரசவ வலி வந்தா நாங்க யாரைக் கூப்புடறதுங்க?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டாய். முன் சீட்டு அம்மாள் பதறித் திரும்பி, “நூத்தியெட்டுக்கு அடி சாமி!” என்றாள். பஸ்ஸே சிரித்தது. உனக்கு வெட்கம் தாங்கவில்லை.

ஊர்கள் எல்லாம் கூடும் நம் நாட்டுக்கூட்டத்தின் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். பெரியவர் ஒவ்வோர் ஊராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிறகுதான் எழுந்து பேச வேண்டும். ஓர் ஊர் வாய் திறக்கவில்லை என்றால் அதற்குச் சம்மதமில்லை என்று அர்த்தம். முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஊருக்கே போய் என்ன குறை என்று கேட்டு வருவார்கள்.

நாமக்கல் மண்டபத்தில் ஆளாளுக்கு முண்டியடித்து மைக்கைப் பிடித்தார்கள். நான் உன் விலாவில் இடித்தேன்.

“இரு மாப்ள. நம்ம ஊருப் பேரக் கூப்புடட்டும். கூப்புடாம எந்திரிச்சா ஊரு மானம் போயிரும்” என்றாய்.

மேடையிலிருந்த அதிகாரி, “வேற யாராவது பேசறீங்களா?” என்று கேட்டார். நீ நிமிர்ந்து உட்கார்ந்தாயே தவிர எழவில்லை. ஊர் அனுப்பிய ஆள் இருக்கும்போது துணைக்கு வந்தவன் வாய் திறப்பதும் நம் வழக்கத்தில் இல்லை. கூட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது நீ தெம்பாகத்தான் இருந்தாய். “நாம சரின்னே சொல்லலையே மாப்ள! ஊருக்கு வந்து கேக்காம எப்புடி முடிப்பாங்க?”

அதற்கப்புறம் ஜீப் சத்தம் கேட்டாலே சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பாய். கொசு மருந்து அடிக்க வந்தவனிடம்கூட, “டவர் விசயமுங்களா?” என்று கேட்டாய். நானும் உன்னைக் கேலி செய்துகொண்டு திரிந்தேன். ஒருநாள் உத்தரவு வந்தது. நம் பகுதியிலிருந்து எதிர்ப்பு எதுவும் வரவில்லை என்று அதில் இருந்தது. நான் படித்துக் காட்டியதும் உன் முகம் சுருங்கிவிட்டது.

“நாம போயிருந்தமே மாப்ள?”

“போயிருந்தோம்.”

“பின்ன?”

கடைக்கு வந்த ஆளைக் கவனிப்பதுபோல உள்ளே போய்விட்டேன்.

சேவை நின்ற பிறகு வந்த மிளகுப் பறிப்பில்தான் நீ மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து கால் வழுக்கி விழுந்தாய். உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை, பட்டன் போனை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். சிக்னல் இல்லை என்று தெரிந்தவள்தான், ஆனால் பயத்தில் கை கேட்குமா? பிறகு கடைவரை ஓடி வந்தாள். என் புதுப் போனுக்கு இங்கே மட்டும்தான் வேறு டவரின் சிக்னல் வரும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீ அடங்கிவிட்டாய். “கொஞ்சம் முன்னாடி சொல்லியிருந்தா…” என்று அதில் வந்த பெண் ஆரம்பித்தாள், தங்கச்சியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு உன்மேல் அடங்காத கோபம். உன்னைப் புதைக்கும்போதே கோபம்தான். அழுகை அப்புறம்தான் வந்தது. எழுந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும் என்று, ஆள் இல்லாத நேரத்தில் உன்னைத் திட்டாத நாளில்லை.

பிறகு டவரையே எடுத்துவிடலாமா என்று மறுபடி கருத்துக் கேட்டார்கள். இந்த முறை ஊர் என்னை அனுப்பியது. நான் யார் கூப்பிடவும் காத்திருக்கவில்லை. முதல் ஆளாகப் போய் மைக்கைப் பிடித்தேன். டவர் இருந்தால்தான் என்றைக்காவது அதில் சேவையைத் திரும்பக் கேட்க முடியும், விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். நீ விழுந்ததைச் சொன்னேன், தங்கச்சி ஓடி வந்ததைச் சொன்னேன். அதிகாரி நல்ல மனிதர்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். “உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டோங்க. ரொம்ப நன்றிங்க” என்றார். பெறப்பட்ட கருத்துகள் பரிசீலிக்கப்பட்டன என்று பின்னர் ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த வரி, டவரை அகற்ற அனுமதி.

அப்படியென்றால் அன்று நீ பேசியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் மச்சான். இது தெரிந்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. உன்னைத் திட்டிக்கொண்டிருந்தவரை, பேசினால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையாவது எனக்கு இருந்தது. இப்போது திட்டுவதற்கும் வழியில்லை. ஊருக்காகப் பேச உன் இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். போன நாட்டுக்கூட்டத்தில் பெரியவர் நம் ஊரைக் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். எல்லோரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். எனக்குப் பேச எதுவும் இல்லை.