குளிர்ப் பாலைவனத்தில் அம்மாவின் துண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் நலத்தைப் போனில் கேட்கலாம் என்றால் மூன்று வாரமாக நீ அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். கோபம் நியாயம்தான். உன் கதை குளிர்ப் பாலைவனத்தில் நடக்கிறது என்று நீ சொன்னதும், பாலைவனத்துல குளிரா, அப்போ கடல்ல புழுதி பறக்குமா என்று மாமா குடும்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். அதன் பிறகு நீ ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கத்தான் செய்கிறது, ருசிக்கவில்லை.

உன் அம்மா சும்மா விடவில்லை. பாலைவனம்னா தண்ணியில்லாத இடம், சூடான இடம்னு உங்களுக்கு யார் சொன்னா, இருபத்தாறு வருஷமா நீங்க வேலை பாக்குறதே அதுலதானே என்று ஒரு போடு போட்டாள். யோசித்துப் பார்த்தால் சரிதான். எங்கள் குளிர்பதனக் கிடங்கில் மைனஸ் பதினெட்டு, ஆனால் காற்றில் பேருக்குக்கூட ஈரமில்லை, உதடு வெடிக்கும், திறந்து வைத்த காய் சுருங்கிச் சருகாகும். சந்தேகம் தீர அவளுடைய பூப்போட்ட ஈரத் துண்டைக் கொண்டுபோய் மீன் பெட்டிகளுக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டேன். முதல் நாள் பலகை மாதிரி நின்றது. பத்தாம் நாள் ஒரு சொட்டுகூடச் சொட்டாமல் காய்ந்துவிட்டது பாப்பா, பனிக்கட்டி உருகாமலே காற்றோடு போய்விட்டது! அதற்குள் சோதனைக்கு வந்த அதிகாரி இது என்ன என்று கேட்க, சுமை தூக்கும் நம் மொட்டை, பூப்போட்ட மீனுங்க சார் என்று சொல்லித் தொலைத்தான். எனக்கு மெமோ கொடுத்தார்கள். துண்டில் வாடை போகவில்லை என்று அம்மா தனியாக ஒரு மெமோ கொடுத்தாள்.

பிறகு நீ முன்பே அனுப்பியிருந்த பக்கங்களை இரண்டு முறை படித்தேன், முதலிலேயே படித்திருக்க வேண்டும். உன் நாயகி இடுப்பளவு பனியில் நடக்கிறாளே, அவ்வளவு பனி கொட்டினால் அது என்ன பாலைவனம்? கடலுக்கும் அவள் ஊருக்கும் நடுவே ஒரு பெரிய மலைத்தொடரை நிறுத்து. மேகம் ஏறும்போதே மழையை எல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் கையை வீசிக்கொண்டு வரட்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமே, உச்சியில் உறைந்தது கோடையில் உருகி ஓடையாக வரும், ஊரை அதன் கரையில் வை. மழை இல்லாத ஊருக்குத் தட்டைக் கூரை மண் வீடே போதும். வெயிலில் மூக்குத் தோல் உரியும், நிழலுக்கு நகர்ந்தால் கால் விறைக்கும், அதையும் எழுது. அந்தப் பொண்ணு நாற்பது பக்கமா ஒண்ணுமே சாப்பிடலையே என்று அம்மா கவலைப்படுகிறாள், அவள் கையில் ஏதாவது கொடு.

ஒன்றே ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அப்பா, அந்த உப்பு வியாபாரி, மகள் வரைந்த வழிப்படத்தைப் பார்த்து நாலு பேர் முன்னால் சிரிக்கிறார், மறுநாளே கணவாயில் விறைத்துச் செத்துப்போகிறார். படித்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன். குளிரோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் சாக வேண்டிய அவசியமே இல்லை. அவர் ஒதுங்கியது காற்று வீசாத பள்ளம், நனையாத உடுப்பு, இரண்டு கம்பளி என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். வேண்டுமானால் கால் விரல் இரண்டு போகட்டும், ஆள் திரும்பி வரட்டும். நீ வரைஞ்ச படத்தை வச்சுத்தாம்மா வழி கண்டுபிடிச்சேன், நான் சிரிச்சது தப்பு, மன்னிச்சிரு என்று மகளிடம் சொல்லட்டும். அது உப்பு வியாபாரி மட்டும் சொல்வது என்று நினைத்துவிடாதே.

எழுதியதை மாதக் கடைசிக்குள் பதிப்பகத்தில் கேட்டிருக்கிறார்களாமே, மறந்துவிடாதே. உன் கை ஓயாமல் ஓட வேண்டும், நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அப்பா