ஒரு வரி தெரியும் அட்டை

அன்புள்ள கணவருக்கு,

வணக்கம். நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கப்பல் அடுத்த துறைமுகத்துக்கு வரும்போது இது உங்கள் கைக்குக் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தையல் ஆலையில் இந்த மாதமும் கூடுதல் வேலை. வீட்டுக்கு வந்தால் கால் என்னுடையதாகவே இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் வாயாடி மகள் விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் அவள் படக்கதைப் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்ததைக் கேட்டு இருவரும் பூரித்துப்போனோமே, அது வாசிப்பே இல்லையாம். டீச்சர் என்னை உட்காரவைத்துக் காட்டினார். குடை பிடித்த நாயின் படத்தைக் கையால் மறைத்தார். அவ்வளவுதான், பெண் வாயடைத்துப்போனாள். இத்தனை நாளும் படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கதை அளந்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கண் டாக்டரிடம் காட்டினேன். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்றார். பக்கம் முழுக்க எழுத்து இருந்தால் அவளுக்கு எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது, ஒவ்வொரு வரியாகக் காட்டுங்கள், படத்தைப் பிறகு காட்டலாம் என்கிறார் டீச்சர். ஆலையில் சட்டைக் காலருக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றை எடுத்துவந்து, ஒரு வரி மட்டும் தெரியும்படி வெட்டிக் கொடுத்தேன். திக்கித் திணறி ஒரு வரியைப் படித்துவிட்டு, "இவ்ளோதானா? இதுக்கா என்னைத் திட்டினீங்க?" என்று கேட்டாள்.

நேற்று அந்த அட்டையோடு வந்து, அப்பா கடிதத்தைக் கொடுங்க, நானே படிக்கிறேன் என்று நின்றாள். அதில், மார்க் குறைந்ததற்கு நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? சோம்பேறிக் கழுதை, முதுகில் ரெண்டு வைத்தால் படிப்பு தானாக வரும் என்று. அதை நான் அவளுக்கு, அப்பா உனக்கு முத்தம் அனுப்பியிருக்கிறார் என்றுதான் வாசித்தேன். எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்து வருகிறேன். எங்கே வைத்தேனோ, தேடித் தருகிறேன் என்று இப்போதைக்குச் சமாளித்திருக்கிறேன். விடமாட்டாள், உங்கள் பெண்ணாயிற்றே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபப்படாதீர்கள், அலுத்துப்போய்த்தான் கேட்கிறேன். அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் போடுங்கள். எழுத்து பெரிதாக, வரிக்கு வரி நிறைய இடம் விட்டு எழுதுங்கள். நாலு வரி போதும். நான் மாற்றி வாசிக்கத் தேவையில்லாத நாலு வரி.

இப்படிக்கு,
உங்கள் மனைவி