பதினெட்டு லிட்டர் பை

அன்பு மகள் சுகப்பிரியாவுக்கு, பாலவனத்தத்திலிருந்து அப்பா எழுதுவது. எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் குறை எதுவும் இல்லை. அயர்லாந்து மழையில் உனக்குச் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் இவர் ஏன் தபாலில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இதில் எழுதப்போவது அவளுக்குத் தெரிய வேண்டாம், அல்லது தெரிய வேண்டும், அதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஆபீஸ் தோழிகளோடு சனிக்கிழமைகளில் சின்ன மலைகளில் ஏறப்போவதாகவும், கனமில்லாத, விலையும் கட்டுப்படியாகிற முதுகுப்பையாக ஒன்று பார்த்துச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். முப்பத்தோரு வருஷம் மில்லில் நூலை நிறுத்துப் பார்த்தவனிடம் கேட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், சரியாகச் சொல்வேனா என்ற பயமும் இருந்தது. அதனால் மூன்று பைகளை வைத்துச் சோதித்தேன். பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கிய பள்ளிக்கூடப் பை வெறும் பையாகவே எழுநூற்றெண்பது கிராம். எதிர்வீட்டுப் பையனிடம் இரவல் வாங்கியது முதுகில் பஞ்சு, இடுப்பில் பட்டை என்று ஒரு கிலோவைத் தாண்டியது. ஆன்லைனில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய நைலான் பை முந்நூற்றுப் பத்து கிராம்தான், மடித்தால் ஒரு கைக்குள் அடங்கிவிடும், பதினெட்டு லிட்டர் கொள்ளும். அதை மாட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கிற நம் கண்மாய்க் கரையில் ஒன்பது நாள் நடந்தேன். தோள்வார் நான்கு விரல் அகலம் இருந்தால் தோளை அறுக்காது. வார் சேருமிடத்தில் இரட்டைத் தையல் இருக்கிறதா என்று திருப்பிப் பார். முதுகுப் பக்கம் பஞ்சு இல்லாததால் துண்டை மடித்து அந்தப் பக்கமாக வைத்துக்கொள். மழைக்கு ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், ஜிப் வழியாக உள்ளே இறங்குகிறது, உனக்கு உள்ளுறை ஒன்று கட்டாயம் தேவைப்படும். இவ்வளவும் எழுதி முடித்து, அந்தப் பையையே வாங்கு என்று ஒரு தாளில் வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பை மேட்டில் எப்படி இருக்கும் என்று கண்மாய்க் கரையில் தெரியாது. தை அமாவாசைக்கு உன் மாமா சுப்புராஜ் சதுரகிரி மலைக்குப் போகிறார் என்றதும் நானும் வருகிறேன் என்றேன். உன் அம்மாவுக்கு அண்ணன், எனக்கு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தவர், அதை எந்த விசேஷ வீட்டிலும் சொல்லாமல் விடாதவர், அவரைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. கூட அவருடைய ஹார்டுவேர் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர் சோலைச்சாமி. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று எனக்கு டாக்டர் சொன்னது இருவருக்கும் தெரியும். என் சாமான்களை நிறுத்து, பையோடு சேர்த்து ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பதில் முடித்திருந்தேன். மலையடிவாரத்துத் தாணிப்பாறையில் வண்டியை விட்டு இறங்கியதும் மாமா என் பையை ஒரு விரலில் தூக்கிப் பார்த்து, "ஏ சோல, கிராம் மாப்ளே பையப் பாருய்யா, காத்த அடச்சுக் கொண்டாந்துருக்காரு" என்றார். பிறகு, "சும்மாதான கெடக்கு எடம், இதையும் வய்ங்க மாப்ளே" என்று இட்லிப் பொட்டலத்தை வைத்தார். சோலைச்சாமி இரண்டு எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலையும் பூசைத் தேங்காய்களையும் வைத்தார். கடைசியாக மாமா தன் மருந்துப் பையை முன் அறையில் செருகினார், சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்கிற குளுக்கோஸ் பாக்கெட்டும் அதில்தான். வேண்டாம் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. வண்டியிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டவராயிற்றே, சாப்பிட்டுவிட்டு ஏறலாம் என்று மட்டும் சொன்னேன். "பாதி மலையில இரட்டை லிங்கத்துல போயிச் சாப்ட்டாத்தான் ருசி. டாக்டருக்குப் படிச்சிருந்தா ஒங்களுக்கு நான் எதுக்கு மில்லுல வேல வாங்கித் தாரேன்" என்றார்.

வழுக்குப்பாறை ஏறும்போது சாத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சிலர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். இவருக்கு எதற்கு இப்படி ஒரு பை என்று அவர்களில் ஒருவர் கேட்டார். மாமா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இவரு மகளுக்குச் சோதன பண்ணுதாராம். அந்தப் பிள்ள புருசன் ஒருத்தனச் சொமக்கமாட்டாம எறக்கி வச்சிட்டு, பையத் தூக்கிட்டு மலையேறப் போகுதாம்." எல்லோரும் சிரித்தார்கள். சுகப்பிரியா, நானும் சிரித்தேன். அதை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். உன் புருஷன் உன்னை என்ன பாடு படுத்தினான் என்பது தெரிந்த மூன்று பேரில் ஒருவன் நான், பல் தெரியச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்தில் என் செருப்பு வார் தளர்ந்தது. "மெதுவா வாங்க மாப்ளே, பை பத்தரம்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்கள். வாரைக் கட்டி எழுந்தவன் மேலே ஏறாமல் கீழே திரும்பினேன். தலை சுற்றியது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், தலை சுற்றவில்லை. அவர்கள் தண்ணீரும் சாப்பாடும் மருந்தும் என் முதுகில் இருப்பது தெரியாமல் இறங்கினேன் என்று சொல்லலாம் என்றால், எந்த அறையில் எது இருக்கிறது என்று ஒரு சாமான் விடாமல் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் நின்றேன். திரும்பி ஏறிவிடலாம் என்று நினைத்தேன், முன் அறையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், பிறகு இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பசித்தது. அவருடைய இட்லியை நான் தொடவில்லை, அது ஒரு யோக்கியதை என்று அப்போது நினைத்தேன். மூன்று மணி நேரம் கழித்து டோலியில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள், கால் ஒரு பக்கமாகத் தொங்கியது. மாமா இரட்டை லிங்கத்தில் எனக்காகக் காத்திருந்து காத்திருந்து, வேர்த்து, உளறி, என்னைத் தேடி இறங்குகிறேன் என்று எழுந்து பாறையில் விழுந்திருக்கிறார். யாரோ ஒரு அம்மாள் கருப்பட்டியைக் கரைத்து வாயில் விட்டதால்தான் உயிர் நின்றது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் முடிந்தது, இனிமேல் கம்பு இல்லாமல் நடப்பது சந்தேகம் என்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் பையைத் தராசில் தொங்கவிட்டேன், எட்டு கிலோ இருநூறு. எதற்கு நிறுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர்மேல் நான் சொல்லக்கூடிய குற்றம் அந்த ஆறேகால் கிலோதான் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸிலேயே நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வாக்கியத்தில் பாதிதான் சொன்னேன், மச்சான், அன்னைக்கி நான் வேணும்னுதான் என்று. சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், உன் அம்மாவும் இருந்தாள். மாமா கையை ஆட்டி என்னை நிறுத்தினார். "விடுங்க மாப்ளே. நீங்க வேணும்னு செய்றதாவது. அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்ல" என்றார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் என்னை மன்னித்துவிட்டதாக ஊரெல்லாம் பேச்சு. அன்றைக்கு மாதிரியே நானும் சிரித்துவிட்டு, ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மீதி மூன்றரை வாக்கியங்களை உனக்கு எழுதிவிட்டேன். படித்த பிறகு உன் அப்பாவை நீ எந்தக் கணக்கில் வைப்பாய் என்று தெரியவில்லை, எதில் வைத்தாலும் சரி.

பை விஷயத்தில் என் முடிவு இதுதான். அதே துணி, அதே தையல், ஆனால் பதினெட்டு லிட்டர் வேண்டாம், பன்னிரண்டு லிட்டரில் வாங்கு. உன் தண்ணீரும் உன் சாப்பாடும் மழைக்கோட்டும் வைத்தால் ஜிப் கஷ்டப்பட்டு மூட வேண்டும். இடம் இருந்தால் வைப்பார்கள், உனக்கும் வேண்டாம் என்று சொல்ல வராது, நீ என் மகள். மாரியம்மன் அருளால் கால் வலுவோடும் நல்ல துணையோடும் எல்லா மலையும் ஏறி நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, உன் மருந்தை இன்னொருவர் பையில் போடாதே. எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காமல், எதற்கும் சிரித்துக்கொண்டு, பின்னால் வருகிற ஆள் ஒருவர் இருப்பார். அவர் பையில் போடவே போடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தனுஷ்கோடி